மானிட்டர் வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்கலாம்? சில வருட அனுபவம்

நாள் முழுக்க எழுத்தைப் பார்த்தே வேலை செய்பவன் நான். மெய்ப்புத் திருத்துவது, கணக்குத் தாள்கள் பார்ப்பது, இரவில் எப்போதாவது ஒரு படம். முதலில் விலை குறைந்த 27 அங்குல மானிட்டர் ஒன்று, அப்புறம் அதே அளவில் டெல் கம்பெனியின் விலை கூடிய வரிசையான அல்ட்ராஷார்ப்பில் ஒன்று என இரண்டையுமே வருடக்கணக்கில் பயன்படுத்திவிட்டேன். படத்தின் தரத்தைப் பேனலும் (படம் தெரியும் திரைப் பலகை) பிக்சல் அடர்த்தியும் (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பது) தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. நல்ல பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் ஸ்டாண்டுக்கும் வாரண்டிக்கும் போகிறது. அதுவும் வீண் செலவு அல்ல. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அடர்த்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். 27 அங்குலத் திரையில் ரெசல்யூஷன், அதாவது அகலத்திலும் உயரத்திலும் உள்ள பிக்சல் எண்ணிக்கை, 1920×1080 (சுருக்கமாக 1080) என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 82 பிக்சல். அதே ரெசல்யூஷன் 24 அங்குலத்தில் 92 ஆகிறது. 27 அங்குலத்தில் 2560×1440 (சுருக்கமாக 1440) என்றால் 109, 4கே (3840×2160) என்றால் 163. தமிழ் படிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரியும். என் பழைய மானிட்டரில் சின்ன எழுத்தில் ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் ஒன்றுபோலவே கறுத்துத் தெரியும், சுழிக்குள் இருக்கவேண்டிய வெள்ளைக்கு ஒரு பிக்சல்கூட முழுசாகக் கிடைப்பதில்லை. ‘கீ’யின் மேல் சுழி அடைந்துபோய் ‘கி’ மாதிரி நிற்கும். மெய்ப்புப் பார்க்கிறவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். 1440க்கு மாறியதும் அந்த வேலை நின்றுபோனது. ஆகவே 27 அங்குலத்தில் 1080 வேண்டவே வேண்டாம் என்பேன். பணம் அவ்வளவுதான் என்றால் 24 அங்குலத்தில் 1080 எடுங்கள். வசதி இருந்தால் 4கே எடுத்து விண்டோஸில் எழுத்தையும் படங்களையும் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வையுங்கள். 1440 தரும் அதே இடம் கிடைக்கும், எழுத்து மட்டும் இன்னும் தெளிவாக இருக்கும்.

அடுத்து பிராண்ட். பெட்டியின் மேல் பெயர்கள் ஏராளம், ஆனால் உள்ளே இருக்கும் பேனலைத் தயாரிப்பவர்கள் சிலர்தான்: எல்ஜி டிஸ்ப்ளே, ஏயூஓ, பிஓஇ, இன்னோலக்ஸ், இப்படி. ஏஓசி மானிட்டரும் பிலிப்ஸ் பெயரில் வரும் மானிட்டரும் டிபிவி என்ற ஒரே குழுமத்திலிருந்து வருபவை. ஒரே மாடலிலேயே வேறு வேறு பேனல்கள் வருவதும் உண்டு. அதனால் ‘அந்தக் கம்பெனி மானிட்டரில் கலர் நன்றாக இருக்கும்’ என்ற பேச்சை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. எந்த மாடல், எந்த வகைப் பேனல் என்றுதான் கேட்பேன். பேனலில் பரவலாக வருபவை ஐபிஎஸ், விஏ என்ற இரண்டு வகைகள். எழுத்து வேலைக்கு ஐபிஎஸ் போதும். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பெரும்பாலும் சுமார் 1000:1 தான், ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. விஏ பேனலில் சுமார் 3000:1 கிடைக்கும், இருட்டுக் காட்சிகள் அழகாக இருக்கும். ஆனால் கறுப்புப் பின்னணியில் பக்கத்தை வேகமாக நகர்த்தினால் பலவற்றில் எழுத்து இழுபடும். நாளெல்லாம் டார்க் மோடில் இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கண் எரிச்சலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய மானிட்டரில் மாலையானால் கண் எரியும், தலை கனக்கும். இரவில் பிரைட்னஸைக் குறைத்தால் இன்னும் மோசம். சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க பேக்லைட்டை (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை) வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. நேரில் பார்த்தால் தெரியாது. போன் கேமராவில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி, வெள்ளைத் திரையைப் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடும். என்னுடையதில் ஓடின. மாற்றிய பிறகு அந்தத் தலைகனம் எனக்கு வரவில்லை. எல்லாருக்கும் இது உறைக்காது. உறைப்பவர்கள் ‘ஃபிளிக்கர் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இப்போது மலிவான மாடல்களிலும் அது வருகிறது.

ஸ்டாண்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மலிவான மானிட்டர்களில் பெரும்பாலும் முன்னும் பின்னும் சாய்க்க மட்டும்தான் முடியும். உயரத்தைக் கூட்டப் புத்தகத்தை அடுக்க வேண்டும், தட்டச்சு செய்தால் திரை ஆடும். அல்ட்ராஷார்ப்பில் ஒரு கையால் ஏற்றி இறக்கலாம், செங்குத்தாகத் திருப்பி நீளமான கோப்பை முழுப் பக்கமாகப் படிக்கலாம். மலிவானதையே எடுப்பதென்றால் பின்பக்கம் 100×100 மில்லிமீட்டர் வெசா துளைகள் (ஸ்டாண்ட், ஆர்ம் மாட்டுவதற்கான பொது அளவுத் திருகு துளைகள்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பிற்பாடு மேசையில் பொருத்தும் மானிட்டர் ஆர்ம் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம்.

எதற்குக் காசு கொடுக்க மாட்டேன் என்றால், முதலில் ‘டிஸ்ப்ளே எச்டிஆர் 400’ முத்திரை. எச்டிஆர் என்பது மிகப் பிரகாசமான இடத்தையும் மிக இருண்ட இடத்தையும் ஒரே காட்சியில் காட்டும் வசதி. அந்த முத்திரை பெற, திரையின் இருண்ட பகுதிகளில் மட்டும் பேக்லைட்டைத் தனியாகக் குறைக்கும் லோக்கல் டிம்மிங் தேவையே இல்லை, அதனால் அந்த முத்திரையை நம்பி உண்மையான எச்டிஆரை எதிர்பார்க்க முடியாது. கணினியில் விளையாடாதவர்களுக்கு, பிக்சல் நிறம் மாறும் வேகத்தைச் சொல்லும் ‘1 மில்லி செகண்டு’ம் தேவையில்லை. திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதில் 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 100 ஹெர்ட்ஸ் சிறிது கூடுதல் விலையில் கிடைத்தால் எடுக்கலாம், பக்கம் நகர்த்துவது இதமாக இருக்கும். லேப்டாப் வைத்திருந்தால் சார்ஜும் ஏற்றும் யூஎஸ்பி-சி நல்ல வசதி. ஒரே கேபிளில் வேலை முடிகிறது.

அப்புறம் வாரண்டி. ஒன்றிரண்டு பிக்சல் செத்திருந்தால் பல கம்பெனிகள் அதைப் பழுதாகவே எடுத்துக்கொள்ளாது. அல்ட்ராஷார்ப் வரிசைக்கு வாரண்டி காலத்தில் ஒரே ஒரு பிக்சல் அணையாமல் எரிந்துகொண்டிருந்தாலும் டெல் மாற்றித் தருகிறது. நான் கூடுதல் விலை கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மானிட்டர் வந்த அன்றே திரை முழுக்க வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் எனப் போட்டுப் புள்ளிகளைத் தேடுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்புத் திரையைப் பாருங்கள். மூலையில் தெரியும் வெளிச்சம் தலையை நகர்த்தும்போது கூடிக் குறைந்தால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு; அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் பேக்லைட் கசிவு. கறுப்பு மொத்தமாகவே சாம்பலாகத் தெரிந்தால் அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்திருந்தால் கலர் ரேஞ்ச் ‘லிமிடெட்’ என்றிருக்கலாம், கிராபிக்ஸ் செட்டிங்கில் ‘ஃபுல்’ என்று மாற்றிப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பெட்டியையும் உள்ளே இருக்கும் தெர்மோகோலையும் எறிய வேண்டாம்.