எரவான், குவாங் சி, பிளிட்விட்சே: கையைக் கடிக்காமல் எந்த அருவி?

சுண்ணாம்புக்கல் அருவிகளை டிக்கெட் விலையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் கணக்கு உதைக்கும். நகரத்திலிருந்து போய்த் திரும்ப எவ்வளவு ஆகிறது, போன இடத்தில் தண்ணீரில் இறங்க விடுகிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் என் ஓட்டு தாய்லாந்தின் எரவானுக்கு. பெயர் நமக்குப் பழகியதுதான்: இந்திரனின் ஐராவதம், அங்கே மூன்று தலையோடு எரவான். வெளிநாட்டவர் 300 பாட் கட்ட வேண்டும். உள்ளூர்க்காரரைவிட அதிகம் என்ற வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும். ஆனால் காஞ்சனபுரியிலிருந்து சாதாரண பஸ்ஸே ஒன்றரை மணி நேரத்தில் பூங்காவில் இறக்கிவிடுகிறது. (இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட வைத்த, மலாயாத் தமிழர்கள் மாண்டுபோன சயாம் ரயில்பாதையும் இதே ஊர் வழியாகத்தான் போகிறது.) ஏழு தட்டுகள், ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றப் பாதை. மடுவில் காலை வைத்ததும் கையளவு மீன்கள் வந்து குதிகாலைக் கொத்தும். முதல் கொத்துக்கு அலறாதவர் குறைவு. இரண்டாம் தட்டுக்கு மேல் தின்பண்டம் கொண்டுபோக முடியாது என்பதால் கீழேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதை விட்டால் மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகை வண்டிக்குப் போய்விடும்.

நிறத்துக்கு லாவோஸின் குவாங் சிதான். பால் கலந்த நீலம். எரவான் அதற்கு ஒரு படி கீழேதான். மீட்கப்பட்ட கருங்கரடிகளின் காப்பகத்தையும் அதே டிக்கெட்டில் பார்த்துவிடலாம். இடிப்பது வண்டிச் செலவு. லுவாங் பிரபாங் நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பலர் சேர்ந்து போகும் வேனில் இடம் பிடித்தால் மலிவு, தனியாக டுக்டுக் பேசினால் எரவானின் சிக்கனம் இங்கே கிடைக்காது.

குரோஷியாவின் பிளிட்விட்சே வேறு ரகம். 16 ஏரிகள், 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம். கோடையில் டிக்கெட் 40 யூரோவைத் தொடும், குளிர்காலத்தில் 10 யூரோ. எத்தனை கொடுத்தாலும் குளிக்க முடியாது. 2006 முதல் தடை. தடையில் நியாயம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு வரும் நீர், பாறையில் மோதிச் சிதறும்போது கரியமில வாயுவை இழக்கிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு பாசியின் மேலும் விழுந்த சருகின் மேலும் படிந்து கல்லாகிறது. ஏரிகளைப் பிரிக்கும் அணைகளைக் கட்டியது இந்தப் படிவுதான். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு மிதியில் அது நொறுங்கும். பார்க்க மட்டும் போகிறவர் குளிர்காலத்தில் போகலாம். ஆனால் பனிக்காக மேல் ஏரிப் பாதைகளை மூடிவிடுவதுண்டு.

ஆசிய அருவிகள் இரண்டுக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை போவது நல்லது. அடைமழையில் நீலம் செம்மண் நிறமாகிவிடும். ஏப்ரலில் எரவானின் மேல்தட்டுகளில் தண்ணீர் நூலாக வடியும். அந்த மாதத்தில் ஏழாம் தட்டுவரை ஏறி மூச்சு வாங்குவதைவிட மூன்றாவதிலேயே உட்கார்ந்துவிடுவேன்.