ட்ரைபாட் திருகும் ஹெட் துளையும் பொருந்தாதபோது: புஷ் போடுவதா, திருகைப் புரட்டுவதா?

கேமரா உலகில் இரண்டு மரைகள்தான்: 1/4 அங்குலம் (அங்குலத்துக்கு 20 மரை), 3/8 அங்குலம் (16 மரை). ட்ரைபாட் கால் பக்கம் 1/4 திருகு, ஹெட்டில் (கேமராவைத் தாங்கித் திருப்பும் மேல்பகுதி) 3/8 துளை என்றால் புஷ் போதும். வெளியே 3/8, உள்ளே 1/4 மரை உள்ள சிறு வளையம் அது. புஷ்ஷின் காடியில் (வெட்டுப் பள்ளம்) பட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்து, விளிம்பு ஹெட்டின் அடிமட்டத்தோடு சமமாகும்வரை இறக்குங்கள். நூலளவு துருத்தினாலும் ஹெட் ட்ரைபாடின் மேல்தட்டில் படியாது, ஆடும். இன்னொரு தொல்லை: ஹெட்டைக் கழற்றும்போது புஷ்ஷும் திருகோடு சேர்ந்து வந்துவிடும். நீல மரைப்பசை (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி அதைத் தடுக்கும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

காலில் 3/8 திருகு, ஹெட்டில் 1/4 துளை என்றால் புஷ் உதவாது. பல ட்ரைபாட்களில் நடுத்தண்டின் திருகு ஒரு முனையில் 3/8, மறுமுனையில் 1/4 என இருக்கும். தட்டைக் கழற்றித் திருகைப் புரட்டினால் முடிந்தது. ஆனால் திருகின் நீட்டம் ஹெட் துளையின் ஆழத்தைவிடக் கூடினால், தட்டில் அமரும் முன்பே அடி முட்டி நின்றுவிடும். தட்டுக்கு அடியில் பூட்டுத் திருகுகள் இருந்தால், ஹெட்டை ஏற்றிய பிறகே ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) இறுக்குங்கள்.

கனமான லென்ஸ் என்றால் 3/8-ஐ 3/8-ஓடு சேர்ப்பதே என் தேர்வு. அவசரத்துக்கு எம்6 போல்ட்டை 1/4 துளையில் நுழைக்காதீர்கள்; தளர்வாக ஏறி, அலுமினிய மரையைத் தின்றுவிடும்.