கோதிக் எழுத்துருவோடு ஐந்து வருடம்

கோதிக் எழுத்துரு என்று தேடினால் பழைய ஜெர்மன் அச்சுப் புத்தகங்களின் கனத்த கறுப்பெழுத்துதான் வந்து நிற்கும். நான் சொல்வது அதுவல்ல. பைபிளைக் கோத் என்ற பழைய ஜெர்மானிய இன மக்களின் மொழியில் தருவதற்காக 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் உருவாக்கிய எழுத்து. மொத்தம் 27 குறிகள். அவற்றில் இரண்டு, 90, 900 என்ற எண்களுக்கு மட்டுமே.

ஐந்து வருடமாக ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு செய்யும் மென்பொருளில் இதற்கு ஓர் எழுத்துரு செய்துவருகிறேன். மாதிரிக்கு எடுத்தது ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் வெள்ளிச் சுவடி என்ற கோதிக் பைபிள் கையெழுத்துப் பிரதி. ஊதா நிறத் தோலில் வெள்ளி, பொன் மையால் எழுதியது. எழுத்துகள் அவ்வளவு சீராக இருப்பதால், சூடான அச்சு வைத்துப் பதித்தார்களோ என்றுகூட 18ஆம் நூற்றாண்டில் ஓர் அறிஞர் நினைத்தார். அந்தச் சீர் எனக்குப் பெரிய உதவி. எழுத்துகளை இரண்டே மாதத்தில் வரைந்துவிட்டேன்.

மீதிக் காலமெல்லாம் எழுத்தின் தலைக்கு மேல்தான் போனது. சொல்லின் முதலில் வரும் 'இ'க்கு மேல் இரண்டு புள்ளி வேண்டும். ஆங்கர் புள்ளி, அதாவது குறி வந்து ஒட்டவேண்டிய இடத்தைக் காட்டும் புள்ளி, வைத்தால் அது சரியாகிவிடும். மேல்கோடுதான் பாடாய்ப் படுத்தியது. கடவுளைக் குறிக்கும் 'குத்' என்ற சொல்லை முதலெழுத்தும் கடைசி எழுத்துமாகச் சுருக்கி, மேலே ஒரே கோடு இழுப்பார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் தரமான யூனிகோடிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனிக் கோடு. எழுத்தின் அகலம் மாறினால் நடுவில் இடைவெளி விழும், இல்லையென்றால் கோடு பக்கத்து எழுத்தில் ஏறும். கடைசியில் மூன்று அகலங்களில் கோடு வரைந்து, முன்னால் இருக்கும் எழுத்தைப் பார்த்து அதுவே மாறும்படி விதி எழுதினேன். அப்புறம்தான் கோடு ஒட்டியது.

இன்னொன்று. 2001இல் யூனிகோட் 3.1 கோதிக்குக் கொடுத்த இடம் முதல் 65,536 இடங்களுக்கு அப்பால். 2019இல் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் அங்கேதான் இடம். அப்பால் இருக்கும் எழுத்தைப் பல செயலிகள் உள்ளே இரண்டு துண்டாக வைத்துக்கொள்ளும். அதனால் நான் பயன்படுத்திய ஓர் எழுதுசெயலியில் பின்னழிப்பு விசையைத் தட்டினால் பாதி எழுத்து அழிந்து கட்டம் மிஞ்சும். எழுத்துருவில்தான் பிழை என்று ஒரு வாரம் தேடினேன். நீங்கள் வேறு இரண்டு செயலிகளில் பார்த்துவிட்டு அப்புறம் எழுத்துருவைத் திறங்கள்.

ஃபான்ட்ஃபோர்ஜின் முகப்பு பழைய பாணிதான், பழகச் சில வாரம் ஆகும். ஆனால் இலவசம். மேல்கோட்டு விதிகளைத் தனி உரைக்கோப்பில் எழுதி உள்ளே கொண்டுவர முடிகிறது, அதற்காகவே நான் வேறு எதற்கும் மாறவில்லை.