349 ரூபா கிச்சன் தராசு, ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

ஆன்லைன்ல இதுக்கு இருக்கற ரிவ்யூ எல்லாம் வாங்குன அன்னிக்கே டப்பாவ பிரிச்சு போட்டோ எடுத்து அஞ்சு ஸ்டார் போட்டதுதான், ஒருத்தரும் சோறு வடிச்சு பாத்துட்டு எழுதுன மாதிரி தெரியல, அதனால நான் எழுதறேன். கொஞ்சம் குடும்ப கதையும் வரும், ஏன்னா இந்த மெஷின வாங்குனதே கல்யாணமாகி ஒன்றரை மாசத்துல, எங்க வீட்டு முதல் சண்டையும் இதாலதான்.

மெஷின் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெள்ளை பிளாஸ்டிக், நடுவுல வட்டமா ஒரு மேடு, முன்னாடி சின்ன டிஸ்ப்ளே, ரெண்டு பட்டன், அடியில ரெண்டு பென்சில் செல். 10 கிலோ வரைக்கும் தாங்கும், 1 கிராம் கணக்குல காட்டும். இதே மெஷின் இருபது பேர்ல இருபது விலைக்கு விக்குது, அதனால கம்பெனி பேரெல்லாம் போடல, எத வாங்குனாலும் உள்ள இருக்கறது ஒன்னுதான்னு நினைக்கறேன்.

ஏன் வாங்குனேன்னா, எனக்கு ஊர் கோயமுத்தூர், போன டிசம்பர் மாரத்தான்ல 10 கிலோமீட்டர் ஓடுனேன், 1 மணி 9 நிமிஷம். இந்த டிசம்பர்ல ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னு ஆசை. நடுவுல தைல கல்யாணம். அவருக்கு ஊரு திருநெல்வேலி. விருந்து விருந்துன்னு நாப்பது நாள் சுத்துனோம், எங்க சொந்தத்துல ஒப்புட்டும் பள்ளிபாளையம் சிக்கனும், அவங்க சொந்தத்துல சொதியும் அல்வாவும், யார் வீட்டுலயும் "போதுங்க"ன்னு சொன்னா காதுலயே விழாது, புதுப்பொண்ணு வேற. 62 கிலோ இருந்தவ 66ல வந்து நின்னேன். ரேஸ் கோர்ஸ்ல ஒரு ரவுண்டு ரெண்டரை கிலோமீட்டர், அதுக்கே மூச்சு வாங்குச்சு. சரி, என்ன திங்கறோம்னாவது ஒழுங்கா தெரிஞ்சுக்கலாம்னு மாசில இத ஆர்டர் பண்ணேன்.

இப்ப முதல் குறை. இதுல சாப்பாட்டு தட்டு வச்சா டிஸ்ப்ளே மறைஞ்சிடும். இத டிசைன் பண்ண ஆளு நம்மூர் எவர்சில்வர் தட்ட பாத்ததே இல்ல போல. தட்ட ஒரு பக்கமா தூக்கி, தலைய சாய்ச்சு, எட்டி பாத்தாத்தான் நம்பர் தெரியும், தூக்குன உடனே நம்பர் மாறிடும்.

அது வந்து ஒரு ஞாயித்துக்கெழம. அவர் காலைல இருந்து கிச்சன்லயே இருக்காரு, தேங்காய் துருவி, மூணு பால் எடுத்து, பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு சொதி வச்சாரு. அவங்க பக்கம் மறுவீட்டு விருந்துக்கு வைக்கறது. தொட்டுக்க இஞ்சி பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும் இல்லாம சொதி சாப்பிடறது பாவம்னு ஒரு லெக்சர் வேற. ரெண்டு மணி நேரம். அத்தைகிட்ட மூணு தடவ போன் போட்டு கேட்டு கேட்டு வச்சாரு. நான் ஓடிட்டு வந்து குளிச்சிட்டு உக்காந்தேன், பசி, ஆனாலும் பழக்க தோஷம், மெஷின எடுத்து டேபிள்ல வச்சு தட்ட வச்சு ஜீரோ அமுக்கி சோறு போட்டு மறுபடி ஜீரோ அமுக்கி சொதி ஊத்தி, நம்பர் தெரியலையேன்னு தட்ட சாய்ச்சேன், சொதி அப்படியே மெஷின் மேல, டேபிள் மேல, என் மடியில.

அவர் திட்டல. திட்டியிருந்தா பரவால்ல. ஒரு துணி எடுத்துட்டு வந்து தொடச்சிட்டே, "நா வச்ச சொதிய எடை போடுதியோ" அப்படின்னாரு. எனக்கு அந்த நிமிஷம் புரியவே இல்ல, கலோரி பாக்கறேங்க, உங்கள ஒன்னும் சொல்லலைங்களேன்னு விளக்கம் குடுத்துட்டு இருக்கேன். அவர் பாட்டுக்கு சாப்பிட்டு எந்திரிச்சு போயிட்டாரு. சாயங்காலம் பாத்தா மெஷின் ஆன் ஆகல. சொதி உள்ள போயி ரிப்பேர் ஆயிருச்சுன்னு நினைச்சேன். செல்ல கழட்டி டிவி ரிமோட்டுல போட்டுட்டாரு மனுஷன்.

ஒரு வாரம் கழிச்சுத்தான் உக்காந்து பேசுனோம். அவர் சொன்னது இதுதான், சமைக்கறப்ப நீ எத வேணா நிறுத்துக்கோ, எண்ணெய் எவ்வளவு தேங்காய் எவ்வளவுன்னு எழுதி வச்சுக்கோ, தட்டுல விழுந்ததுக்கு அப்புறம் நிறுத்தா அது வேற. நானும் யோசிச்சு பாத்தேன், உண்மையிலயே கணக்குக்கும் அதுதான் சரி. எப்படின்னு சொல்றேன், மெஷின் வாங்கற எல்லாரும் பண்ற தப்பு இது.

வெந்த சோத்த நிறுத்து கணக்கு பாத்தா தப்பாகும். 100 கிராம் அரிசி கிட்டத்தட்ட 350 கலோரி, அது வெந்து வந்தா ஒன்றரைல இருந்து ரெண்டு பங்கு தண்ணிய இழுத்துட்டு 250ல இருந்து 300 கிராம் ஆயிடும். குழைச்சா அதிகம், உதிரியா வடிச்சா கம்மி. அரிசியாவே நிறுத்துட்டா சண்டையே இல்ல. எங்க ரெண்டு பேருக்கும் மத்தியானத்துக்கு 180 கிராம் அரிசி, அதுல என் பங்கு 75, மீதி அவருக்கு, முடிஞ்சது. குழம்புக்கு ஒரு வழி இருக்கு, காலி பாத்திரத்த ஒரு தடவ நிறுத்து அடியில மார்க்கர்ல எழுதி வச்சுடுங்க. எங்க குக்கர் 1640 கிராம். சாம்பார் ஆனதுக்கு அப்புறம் குக்கரோட நிறுத்தா 2890, அப்ப சாம்பார் 1250. நான் ரெண்டு கரண்டி எடுத்துட்டு மறுபடி வச்சா எவ்வளவு கொறைஞ்சிருக்கோ அதுதான் என் பங்கு. டேபிள்ல யாருக்கும் தெரியாது. சூடான பாத்திரத்த நேரா வைக்காதீங்க, பிளாஸ்டிக் இளகிடும், ஒரு பிரிமனைய போட்டு ஜீரோ அமுக்கிட்டு அதுமேல வைங்க. தட்டு மறைக்கற பிரச்சனைக்கும் ஒரு சின்ன கிண்ணத்த கவுத்து வச்சு ஜீரோ அமுக்கி அதுமேல தட்டு வச்சா டிஸ்ப்ளே நல்லா தெரியும். இது எனக்கு அந்த ஞாயித்துக்கெழம தெரியாம போச்சு.

இந்த மெஷின் சம்பாதிச்சு குடுத்ததுன்னா எண்ணெய்லதான். எண்ணெய் பாட்டில சமைக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா பின்னாடி ஒருக்கா வைங்க. அவர் உருளைக்கிழங்கு வறுவல் பண்ண அன்னிக்கு முன்னாடி 812, பின்னாடி 754. 58 கிராம் எண்ணெய், கிராமுக்கு 9 கலோரி, 522 ஆச்சு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல போட்ட வழிகாட்டில 2000 கலோரி சாப்பிடற ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய் கொழுப்பு 27 கிராம்னு போட்டிருக்கு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாள் கணக்கு ஒரே வறுவல்ல காலி. நான் ஒன்னும் சொல்லல, நம்பர எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டுனேன். அவரே பாத்துட்டு "எம்மா"ன்னாரு. அடுத்த தடவ இரும்பு சட்டில மூடி போட்டு 20 கிராம்ல முடிச்சாரு, முறுகல் கொஞ்சம் கம்மிதான், அத ஒத்துக்கத்தான் வேணும்.

புரோட்டீன் பக்கம் வேற கதை. ஜிம் டிரெய்னர் 100 கிராம் சாப்பிடுங்கறாரு, அந்த வழிகாட்டி கணக்குல எடைக்கு கிலோவுக்கு 0.83 கிராம், என் எடைக்கு 55 கிட்ட வருது. நான் நடுவுல 80ன்னு வச்சுகிட்டேன். நிறுத்து பாத்தப்பதான் தெரிஞ்சுது, நம்ம சாம்பார்ல பருப்பு இருக்குன்னு நம்பிட்டு இருந்தது எவ்வளவு பெரிய பொய்ன்னு, என் பங்குக்கு வர துவரம்பருப்பு 15 கிராம், அதுல புரோட்டீன் மூணு கிராம் சொச்சம். அதனால எங்க அம்மா பண்ற அரிசிம்பருப்பு சாதத்துல கை வச்சேன், ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புங்கறத சரிக்கு சரி ஆக்குனேன், மேல ரெண்டு முட்டை. அவருக்கு பிடிச்சு போச்சு, அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லல, சொன்னா அது அரிசிம்பருப்பே இல்லம்பாங்க.

மெஷினோட மத்த குறைகள வேகமா சொல்லிடறேன். ரெண்டு நிமிஷம் தொடலைன்னா தானா ஆஃப் ஆயிடும், வெங்காயம் உரிச்சிட்டு திரும்பறதுக்குள்ள ஜீரோ போச்சு, திரும்ப மொதல்ல இருந்து. உப்பு, மஞ்சத்தூள் மாதிரி ரெண்டு மூணு கிராம் சமாச்சாரத்த மெதுவா தூவுனா ஏறவே மாட்டேங்குது, தனியா ஒரு மூடில எடுத்து மொத்தமா கொட்டணும். இன்னொரு பட்டன் கை பட்டா யூனிட் மாறி மில்லிக்கு போயிடும், அது தண்ணிக்கும் ஏறக்குறைய பாலுக்கும்தான் சரி, எண்ணெய் 100 மில்லின்னா எடை 92 கிராம் கிட்டதான் வரும். சரியா காட்டுதான்னு சந்தேகம் வந்தா 10 ரூபா காயின் பத்து எடுத்து வைங்க, 77 கிட்ட காட்டணும், என்னோடது 77 காட்டுது, ஆறு மாசம் கழிச்சும். அதுக்கு ஒரு ஸ்டார் தாராளமா குடுக்கலாம். ஆனா இத வச்சுகிட்டு மளிகை கடைக்காரர்கிட்ட சண்டைக்கு போகாதீங்க, அவங்க தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வைக்கறாங்க, நம்மளது 349 ரூபா.

சண்டைன்னதும் அத்தை ஞாபகம் வருது. ஆடிக்கு பத்து நாள் வந்து இருந்தாங்க, அரை கிலோ அல்வாவோட. அவங்க சொதிய கிராம் கணக்குல எழுதி வச்சுக்கலாம்னு எனக்கு ஆசை, ஏன்னா இவர் வைக்கும்போது ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மாதிரி வருது. "எவ்ளோ பருப்பு அத்தை"ன்னா "ரெண்டு கை போடும்மா". சரின்னு மெஷின் மேல கிண்ணத்த வச்சு ஒரு கை போட சொன்னேன், 42. கொட்டிட்டு மறுபடி, 43. மறுபடி, 42. அவங்க டிஸ்ப்ளேவ பாக்கவே இல்ல, என்கிட்ட ஊர் கதை சொல்லிட்டே அள்ளி போடறாங்க. நான் அள்ளுனேன், 31, அடுத்தது 38. அவர் அள்ளுனாரு, 55. அவர் சொதி ஏன் வாரம் ஒரு மாதிரி வருதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அத்தைக்கு ஒரே சிரிப்பு, "இதுக்கு போயி காசு குடுத்து மிஷினு வாங்கியிருக்கியளே". இப்ப நோட்டுல இருக்கு, பாசிப்பருப்பு 85, தேங்காய் ஒன்னு, துருவுனா 240 கிட்ட, எனக்கு வேண்டி மூணாம் பால்ல காய் வேகவச்சு மொதல் பால பாதி மட்டும். பாதின்னு எழுதுனத மட்டும் அத்தை பேனா வாங்கி அடிச்சிட்டாங்க.

அதோட விட்டாங்களா, மெஷின் பிடிச்சு போயி கையில இருந்த வளையல கழட்டி வச்சாங்க. ரெண்டு சவரன், 16 கிராம் காட்டணும். 15 காட்டுச்சு. எடுத்து வச்சா 16. மறுபடி 15. அவ்ளோதான், முப்பது வருஷத்துக்கு முன்னாடி நகை வாங்குன கடைக்காரர் தலை உருள ஆரம்பிச்சிருச்சு, மாமாவுக்கு போன் போகுது, பில்லு எங்கன்னு தேடல். இது கிராமுக்கு கீழ பாக்காது அத்தை, 15.6 இருந்தா அதுக்கு 15ஆ 16ஆன்னு தெரியாது, தேய்மானம் வேற இருக்கும்னு ரெண்டு நாள் புரிய வச்சோம். அதனால நகைக்கு வைக்காதீங்க, குறிப்பா மாமியார் முன்னாடி.

யாருக்கு உதவும்னு கேட்டா, தனியா இருந்து டயட் பண்றவங்களுக்கு இது ரொம்ப ஈஸி. புதுசா ஒருத்தரோட சேர்ந்து வாழ ஆரம்பிச்சிருக்கறவங்க வாங்கலாம், ஆனா டேபிளுக்கு எடுத்துட்டு வராதீங்க, வெளிய சாப்பிட போனா பையில தூக்கிட்டும் போகாதீங்க. நான் ஒரு தடவ கொண்டு போயி பரோட்டாவ வச்சேன், அவர் பக்கத்து டேபிள்ல போயி உக்காந்துகிட்டாரு, தெரியாத ஆள் மாதிரி. வெள்ளிக்கெழம ராத்திரி ஒன்னும் நிறுக்கறதில்லைன்னு இப்ப ஒப்பந்தம். பதிலுக்கு ஞாயித்துக்கெழம காலைல அஞ்சரைக்கு ரேஸ் கோர்ஸுக்கு கூட வராரு, ஓடறதில்ல, முதல் ரவுண்டு நடக்கறாரு, மீதி மூணு ரவுண்டுக்கும் டீக்கடைல என் தண்ணி பாட்டிலோட உக்காந்துக்கறாரு. முன்னாடி ஒரு வடையும் இருக்கும், கேட்டா பாதிதான் தின்னேம்பாரு.

எடை இப்ப 63.4. 10 கிலோமீட்டர் போன வாரம் 1 மணி 4 நிமிஷம்.

அஞ்சுக்கு மூணரை ஸ்டார். டிஸ்ப்ளேக்கு ஒன்னும் ஆட்டோ ஆஃபுக்கு அரையும் கழிச்சிட்டேன். செல் ஆறு மாசத்துல ஒரு தடவதான் மாத்துனேன்னு எழுதலாம்னு இருந்தேன், இப்ப ராத்திரிக்கு சுண்டல் நிறுக்கலாம்னு போனா மெஷின் ஆன் ஆகல, ஹால்ல மேட்ச் சத்தம் கேக்குது.