அக்கிக்கு வாலசைக்ளோவிர்: அம்மா 7 நாள் போட்ட கதை

வைரஸுக்கான இந்த மாத்திரைக்கு 5க்கு 4 ஸ்டார். ஒரு ஸ்டாரை மாத்திரையோட சைஸுக்காக குறைச்சிட்டேன்.

அம்மாவுக்கு 67 வயசு, சுகர் இருக்கு. இடுப்புக்கு மேல வலது பக்கம் ரெண்டு நாளா எரிச்சல், புடவை உரசினாக்கூட சுள்ளுங்குது, வாயுப் பிடிப்புனு தைலம் தேச்சிட்டு இருந்தாங்க, மறுநாள் காலைல பாத்தா முதுகுலேர்ந்து வயிறு வரைக்கும் ஒரு பக்கமா மட்டும் பட்டை மாதிரி செவந்து கொத்து கொத்தா நீர்க்கொப்புளம். பக்கத்து வீட்டு அக்கா பாத்த உடனே சொல்லிட்டாங்க, அக்கி.

நான் பண்ண மொத தப்பு, நேரா மெடிக்கலுக்குப் போனது. எந்தக் கடைனு சொல்லல. சீட்டு இல்லாமலே ஒரு அசைக்ளோவிர் க்ரீமும் ரெண்டு டைக்ளோஃபினாக் வலி மாத்திரையும் எடுத்து நீட்டிட்டாங்க. அக்கிக்கு அந்த க்ரீமால பெருசா பிரயோஜனம் இல்ல, வைரஸ் இருக்கிறது நரம்புல, மேல தடவி என்ன ஆகப்போகுது? சின்ன வயசுல சின்னம்மை போட்டப்போ உள்ள வந்ததுதான் நரம்பு முடிச்சுல இத்தனை வருஷம் படுத்துக்கிடந்து இப்ப எந்திரிச்சிருக்கு.

ரெண்டாவது நாள் அம்மா பிடிவாதமா வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிட்டு வந்தாங்க, காவியைக் குழைச்சு சிங்கமெல்லாம் வரைஞ்சு. நல்ல வேளை, அந்த தாத்தாவே "எழுதிட்டேன் தாயி, சாயங்காலமே டாக்டரையும் பாத்துரு"ன்னு சொல்லி அனுப்பிருக்காரு. டாக்டர் மொதல்ல காவியைக் கழுவிட்டு வரச் சொல்லி, அப்புறம்தான் கொப்புளத்தையே பாத்தாங்க.

மருந்து விஷயத்துக்கு வரேன். எனக்கு 4 வருஷம் முன்னாடி அக்கி வந்தப்போ அசைக்ளோவிர் 800 மி.கி., ஒரு நாளைக்கு 5 தடவை, 7 நாள். காலைல 6 மணி, 10, மதியம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10, ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல அலாரம் அடிக்கும், ரெண்டு வேளை மறந்தும் போயிருக்கேன். வாலசைக்ளோவிர் உள்ள போனதும் அசைக்ளோவிரா மாறுற மருந்துதான், ஆனா ரத்தத்துல சேருற அளவு ரொம்ப அதிகம், அதனால 1 கிராம் மூணு வேளை போதும். பெரியவங்களுக்கு இது எவ்வளவு நிம்மதினு பக்கத்துல இருந்து பாத்தாதான் தெரியும். ரெண்டுமே வைரஸைக் கொல்லாது, பெருகவிடாம நிறுத்தும், அவ்வளவுதான். அதனாலதான் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்ங்கிறாங்க. நாங்க கிட்டத்தட்ட 36 மணி நேரத்துல ஆரம்பிச்சோம்.

ஆனா அம்மாவுக்கு மூணு வேளை இல்ல, ரெண்டு வேளைதான் எழுதினாங்க. ஏன்னா டாக்டர் முதல்ல கிரியாட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் பாக்கச் சொன்னாங்க, 1.3 வந்துச்சு. எனக்கு அது சாதாரண நம்பர் மாதிரிதான் தெரிஞ்சுது, ஆனா வயசு, எடை எல்லாம் சேத்துக் கணக்குப் போட்டா கிட்னி ரத்தத்தைச் சுத்தம் பண்ற வேகம் நிமிஷத்துக்கு 50 மி.லி.க்குக் கீழ. இந்த மருந்து கிட்னி வழியாத்தான் வெளிய போகுது, கிட்னி மந்தமா இருந்து டோஸைக் குறைக்கலைன்னா மருந்து உடம்புல தேங்கி, வயசானவங்க குழம்பிப் பேசுறது, இல்லாதது கண்ணுக்குத் தெரியறதுனு ஆயிடுமாம். மெடிக்கல்ல குடுத்த டைக்ளோஃபினாக்கைக் காட்டினதும் டாக்டர் முகம் மாறிடுச்சு, ரெண்டும் சேந்தா கிட்னிக்கு டபுள் அடி, தூக்கிப் போடுங்கனு பாராசிட்டமால் எழுதினாங்க. தண்ணி நிறையக் குடிக்கச் சொன்னாங்க, அம்மாவுக்கு அதுதான் பெரிய தண்டனை.

சீட்டுல ஹெர்பிஸ்னு பாத்துட்டு தம்பி மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! டேய், இது ஜோஸ்டர், அக்கியோட வைரஸ்; நீ நெனைக்கிறது வாய்லயும் மறைவிடத்துலயும் புண் வரவைக்கிற சிம்ப்ளெக்ஸ், வேற வைரஸ். மாத்திரை ரெண்டுக்கும் இதேதான், ஆனா டோஸும் நாளும் வேற, அதனால ஒருத்தர் மிச்சம் வச்சதை இன்னொருத்தர் போடுற வேலை வேண்டாம்.

நாலாவது நாள் புதுக் கொப்புளம் நின்னுச்சு, பத்தாவது நாள் எல்லாம் காஞ்சு பொருக்கு தட்டிருச்சு. அதுவரைக்கும் மாசமா இருக்கிற என் தங்கச்சியை வீட்டுப் பக்கமே வரவிடல, அவளுக்கு சின்னம்மை வந்ததே இல்ல, கொப்புளத் தண்ணி பட்டா அவளுக்கு சின்னம்மையா வரலாம். பக்க விளைவுனு பாத்தா முதல் ரெண்டு நாள் தலைவலி, லேசா குமட்டல். எரிச்சல் மட்டும் இன்னும் முழுசா போகல, அதுக்குத் தனியா ராத்திரி மாத்திரை ஓடுது. நெத்தியிலயோ மூக்கு நுனியிலயோ வந்திருந்தா அன்னைக்கே கண் டாக்டர்கிட்டயும் ஓடிருக்கணும்னு சொன்னாங்க, அந்த வகையில இடுப்போட போச்சு.

சைஸ் விஷயம்: 1 கிராம் மாத்திரை நல்ல நீளம், அம்மா ஒவ்வொரு தடவையும் அதை உள்ளங்கையில வச்சு ஒரு நிமிஷம் முறைச்சுப் பாத்துட்டுதான் முழுங்குவாங்க. 500லயும் வருது, அடுத்து யாருக்காவது எழுதினா ரெண்டு 500ஆ குடுக்கலாமானு டாக்டர்கிட்ட கேளுங்க.