எட்டு விளக்கு லேன் டெஸ்டர்: வாங்கலாம், ஆனால் முழுசாக நம்ப வேண்டாம்

கணினியையும் ரவுட்டரையும் இணைக்கும் லேன் கேபிளின் இரண்டு முனைகளையும் டெஸ்டரின் இரண்டு பெட்டிகளில் செருகினால் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரியும், ஒன்று எரியவில்லை என்றால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது அல்லது முனையில் சரியாகத் தொடவில்லை, வரிசை மாறி எரிந்தால் கிரிம்ப் செய்தவர் (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தியவர்) கம்பிகளின் நிறத்தை மாற்றிப் போட்டிருக்கிறார். இந்த வேலைக்கு இதைவிட எளிய கருவி கிடையாது. ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் வர வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் மட்டும் வருகிறதா? முதலில் இதைச் செருகிப் பாருங்கள். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், அதனால் நான்காவதோ ஏழாவதோ விட்டுப்போனால் நெட் ஓடிக்கொண்டே இருக்கும், வேகம் மட்டும் படுத்துவிடும்.

சரி, குறை என்ன? நிறக்குறியைப் பார்க்காமல் ஜோடி ஜோடியாக வரிசையாக அடித்த கேபிளையும் இது நல்லது என்றே காட்டும். 3-ம் 6-ம் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியில் வர வேண்டும் என்பது இதற்குத் தெரியாது. நீளமான கேபிளில் அப்படி இருந்தால் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலையும், இங்கே விளக்குகள் மட்டும் அழகாக எரியும். தாமிரம் பூசிய அலுமினியக் கேபிளையும் முழுத் தாமிரக் கேபிளிலிருந்து இதை வைத்துப் பிரித்தறிய முடியாது.

அப்புறம், லேன் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் தரும் பிஓஇ போர்ட்டில் இதைச் செருகவே செருகாதீர்கள், டெஸ்டர் புகைந்துவிடலாம்.