திங்கட்கிழமைப் பட்டியலா, வானொலிக் குரலா, சின்ன லேபிளா?

இரண்டரை நிமிடம், மிஞ்சினால் மூன்று நிமிடம். மணி குலுங்குவதுபோல ஒலிக்கும் கிட்டார், கொஞ்சம் கூச்சப்படும் குரல், முதல் தடவையிலேயே மனதில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு. இண்டி கிட்டார் பாப், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் வரும் கிட்டார் பாட்டுகள், பிடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், இந்த வகைப் பாட்டு தானாக நம் காதில் வந்து விழாது. விளம்பரத்துக்குப் பணம் கிடையாது, பெரிய மேடை கிடையாது. நாம்தான் தேடிப் போகவேண்டும். அல்காரிதம், வானொலி, லேபிள் (பாட்டுகளை வெளியிடும் நிறுவனம்) என்று மூன்று வழிகளிலும் பல வருடமாகத் தேடியிருக்கிறேன். இந்த ஒரு இசைக்கு லேபிளைப் பின்தொடர்வதுதான் சிறந்த வழி என்பது என் முடிவு. மற்ற இரண்டிலும் பயன் இருக்கிறது, ஆனால் வேறு விதமான பயன்.

முதலில் அல்காரிதம். ஸ்பாட்டிஃபையின் டிஸ்கவர் வீக்லி 2015 ஜூலையில் வந்தது. திங்கட்கிழமைதோறும் 30 பாட்டுகள் கொண்ட ஒரு பட்டியல் தயாராக இருக்கும். அதன் அடிப்படை எளிமையானது. லட்சக்கணக்கானவர்கள் போட்டுவைத்த பிளேலிஸ்ட்களைப் பார்த்து, எந்தெந்தப் பாட்டுகள் அடிக்கடி ஒன்றாக இருக்கின்றன என்று கணக்கிடுகிறது. நீங்கள் கேட்பதற்குப் பக்கத்தில் இருந்தும் நீங்கள் இன்னும் கேட்காததை எடுத்து நீட்டுகிறது. நமக்கு வேலையே இல்லை. மூன்று குழுக்களை ஏற்கெனவே பிடித்திருந்தால் நாலாவதைச் சரியாகக் கொண்டுவந்து தரும்.

ஆனால் யாருமே பட்டியலில் சேர்க்காத பாட்டு இந்தக் கணக்குக்குள் எப்படி வரும்? போன வாரம் தங்கள் முதல் சிங்கிளை, அதாவது தனியாக வரும் ஒற்றைப் பாட்டை, வெளியிட்ட குழுவுக்கு எந்தத் தடமும் இருக்காது. இண்டி பாப்பில் பாதி உயிர் அப்படிப்பட்ட முதல் சிங்கிள்களில்தான் இருக்கிறது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். சில மாதம் அந்தப் பட்டியலையே நம்பியிருந்தால் எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில், ஒரே எதிரொலியோடு, ஒரே அறையில் பதிவானதுபோல ஆகிவிடுகிறது. பாட்டு பிடிக்கும், பெயர் நினைவில் நிற்காது. எந்த ஊர்க் குழு, எந்த வருடம், யார் வெளியிட்டது, ஒன்றும் தெரியாமல் அடுத்த பாட்டு தொடங்கிவிடும். 2024 முதல் இன்னொரு விதி வேறு. முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவைக்குக் குறைவாக ஒலித்த பாட்டுக்கு அங்கே ராயல்டி கிடையாது. நாம் தேடும் குழுக்களில் நிறையப் பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள்.

வானொலியில் நடப்பது வேறு. பிபிசி ரேடியோ 1-இல் 1967 முதல் 2004-இல் இறக்கும்வரை நிகழ்ச்சி நடத்தியவர் ஜான் பீல். 1978-இல் வட அயர்லாந்தைச் சேர்ந்த அண்டர்டோன்ஸ் குழுவின் முதல் பாட்டைப் போட்டார். முடிந்தது. உடனே அதையே மறுபடியும் போட்டார். ஒரு மனிதருக்கு ஒரு பாட்டு அவ்வளவு பிடித்துப்போனது என்பதைக் கேட்டவர் அத்தனை பேரும் அந்த நொடியில் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பரவசம் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றும். இன்றைக்கு பிபிசியின் 6 மியூசிக், சியாட்டிலின் கேஇஎக்ஸ்பி போன்ற நிலையங்களில் அந்த மரபு தொடர்கிறது. 6 மியூசிக்கை மூடிவிடலாம் என்று 2010-இல் பிபிசி நிர்வாகம் சொன்னபோது நேயர்கள் திரண்டு எதிர்த்து அதைக் காப்பாற்றினார்கள். எந்தத் தானியங்கிப் பட்டியலுக்காகவும் யாரும் அப்படிப் போராடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் வானொலியையே சொல்லலாமே என்று கேட்கலாம். நேரம்தான் காரணம். நல்ல அறிவிப்பாளர் எல்லாவற்றையும் போடுவார். ஆப்பிரிக்கத் தாளம், டெக்னோ, பழைய சோல், நடுவில் எங்கோ ஒரு கிட்டார் பாப். பொதுவான ரசனைக்கு அது பெரிய வரம். குறிப்பிட்ட ஒன்றைத் தேடுகிறவருக்கு நீண்ட காத்திருப்பு.

சரி, லேபிளுக்கு வருவோம். இந்த இசையின் வரலாறே சின்ன லேபிள்களின் வரலாறுதான். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 1981-இல் தொடங்கிய ஃப்ளையிங் நன், டனீடின் என்ற தென்கோடி ஊரின் கிட்டார் ஒலியை உலகத்துக்குக் கொண்டுபோனது. பிரிஸ்டலில் 1987-இல் இரண்டே பேர் தொடங்கிய சாரா ரெக்கார்ட்ஸ், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் வரிசை எண் போட்டு, 1995-இல் நூறாவது எண் வந்ததும் தாங்களாகவே நிறுத்திக்கொண்டது. நடுவில் சில எண்கள் இசைத்தட்டாக இல்லாமல் சிறு பத்திரிகையாக வந்தன. 1989-இல் பிறந்த அமெரிக்காவின் ஸ்லம்பர்லேண்ட் இன்றும் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. இவற்றின் பின்னால் இருப்பது ஓரிருவரின் காது. தனக்குப் பிடிக்காத பாட்டுக்குத் தன் கைக்காசைப் போட்டு யாரும் தட்டு அச்சடிக்க மாட்டார்கள். அதனால் லேபிளின் பெயரே ஒரு சிபாரிசு.

இப்போது லேபிளைப் பின்தொடரும் வேலையை எளிதாக்குவது 2008-இல் வந்த பேண்ட்கேம்ப், குழுக்களும் லேபிள்களும் தங்கள் இசையை நேரடியாக விற்கும் இணையதளம். ஒரு லேபிளின் பக்கத்தைத் திறந்தால் வெளியீடுகள் எல்லாம் வரிசையாக இருக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஆல்பம் அட்டைப்படத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும் படங்கள். அந்த ஆல்பத்தை வாங்கியவர்களின் படங்கள் அவை. சிலர் ஏன் பிடித்தது, எந்தப் பாட்டு பிடித்தது என்று இரண்டு வரி எழுதியிருப்பார்கள். ஒரு படத்தைச் சொடுக்கினால் அந்த நபர் வாங்கிய மொத்தச் சேகரிப்பும் விரியும். ஒருநாள் இரவு அப்படி ஒரு பூனைப் படத்தைச் சொடுக்கினேன். அவருடைய சேகரிப்பில் எனக்கு உயிரான ஆறு ஆல்பங்கள் இருந்தன, பெயர்கூடக் கேள்விப்படாத நாற்பது ஆல்பங்களும் இருந்தன. விடியும்வரை கேட்டேன். அந்த நாற்பதில் எட்டு இன்று என்னிடம் இருக்கின்றன.

டிஜிட்டல் விற்பனையில் பேண்ட்கேம்ப் எடுத்துக்கொள்வது 15 சதவீதம். பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கட்டணம் போக மீதி குழுவுக்கோ லேபிளுக்கோ போகிறது. குறையும் உண்டு. பத்துக்கு ஆறு பாட்டு நமக்கு ஒத்துவராது, பொறுமை வேண்டும். தளத்தின் உரிமையும் 2022-இல் எபிக் கேம்ஸ், 2023-இல் சாங்டிரேடர் என்று இரண்டு முறை கைமாறி, ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வேலை போனது. அதனால் வாங்கியதை அன்றைக்கே தரவிறக்கி வைத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அப்புறம், பகிர்வது. முன்பு சி90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். தொண்ணூறு நிமிடத்தை நிரப்பத் தொண்ணூறு நிமிடம் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அந்த உழைப்பு கேசட்டைப் பெறுபவருக்குத் தெரியும், அதனால் முழுவதும் கேட்பார். பிளேலிஸ்ட்டில் எண்பது பாட்டைச் சேர்க்கப் பத்து நிமிடம் போதும். அனுப்பிப் பார்த்திருக்கிறேன், மூன்றாவதைத் தாண்டி யாரும் போனதில்லை. போனாலும் ஷஃபிளில் போட்டு, நான் பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசையைக் கலைத்துவிடுவார்கள்.

இப்போது ஒரே ஒரு பாட்டுதான் அனுப்புகிறேன், கூடவே ஒரு வரி. பேண்ட்கேம்ப் இணைப்பாக இருந்தால் நல்லது, பெரும்பாலான பாட்டுகளைக் கணக்கு இல்லாமலே முழுதாகக் கேட்கலாம். அந்த வரி "அருமையான பாட்டு" என்று இருந்தால் பயனில்லை. எங்கே காது கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். போன மாதம் நண்பன் ஒருவனுக்கு இப்படி அனுப்பினேன்: "ஒரு நிமிஷம் பத்து செகண்ட்ல டிரம்ஸ் நிக்கும், கிட்டார் மட்டும் தனியா போகும். அந்த இடத்தைக் கேளு." பாட்டு முழுவதும் விரைந்து அடித்துக்கொண்டிருக்கும் தாளம் அந்த இடத்தில் சட்டென்று ஓய்ந்துவிடும்; கிட்டார் மட்டும், கம்பிகளை மொத்தமாக ஒரே அடியாக அடிக்காமல் ஒவ்வொரு கம்பியாக மீட்டி, ஒன்று அடங்குவதற்குள் அடுத்ததை எழுப்பும். நாலே நாலு சுற்று, அவ்வளவுதான்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் வந்தது: "இப்பதான் கேட்டேன். நாலு தடவை. இந்த லேபிள்ல வேற என்னடா இருக்கு?"